நிப்பாட்டியாச்சு அக்கா

ஏழாயிரம்பண்ணை,
9.8.2005

அண்ணனுக்கு முனியராஜ் எழுதுவது.

எடிட்டிங் அறையிலிருந்து நான் ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எழுந்து போனேன் என்று உன் அசிஸ்டென்ட்களிடம் கேட்டாயாமே. உனக்கே தெரியாதாக்கும்! போனில் பேசினால் நீ என்னைப் பேசவிட மாட்டாய், கடைசியில் இரண்டு பேரும் கத்திவிட்டு வைப்போம். அதனால்தான் எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் முழுசாகப் படி.

நம்ம முதல் படம் 'ஆறே கால் வேன்' எடுத்தபோது நம்ம ஊர்க்காரர்கள் கேமராவைப் பார்த்தாலே கட்டையாகிப் போனார்கள். 'கட்' சொன்னதும்தான் உயிர் வந்து பேசினார்கள், சிரித்தார்கள். அதற்காக நாம் இரண்டு பேரும் ஒரு தந்திரம் வைத்துக்கொண்டோம். நீ 'கட், கட்' என்று இரண்டு முறை சொன்னால் அது பொய் கட், கேமரா ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரே ஒரு 'கட்' என்றால் நிஜமாகவே நின்றுவிட்டது. நமக்கும் கேமராமேனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அதற்குப் பெயர் வைத்தவனே நான்தான், மறுக்கவில்லை. சிரிப்புக்காக வைத்த தந்திரம் அது.

பட்டாசு ஆலையைப் பற்றிய 'மருந்தறை' உன் தனிப்படம். டைரக்டர் என்று உன் பெயர் மட்டும்தான் வரும் என்று தெரிந்துதான் ஊர் ஆட்களை நான் கூட்டிவந்து கொடுத்தேன். பஞ்சக்கா முதலில் மாட்டேன் என்றாள். வெடிவிபத்தில் தங்கச்சியைப் பறிகொடுத்தவள். "நீ இருக்கன்னா வாரேன் தம்பி" என்று எனக்காக வந்து உட்கார்ந்தாள். நீ கேள்வி கேட்டாய், அவள் ஒப்பித்த மாதிரி ஏதோ சொன்னாள். நீ 'கட்' என்றாய். ஒரே ஒரு தடவை. என் காதால் கேட்டேன். அதனால்தான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நிப்பாட்டியாச்சு அக்கா, தண்ணி குடி" என்றேன்.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். "அன்னைக்கு எனக்குக் காச்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல தம்பி. ஒங்க படம் சாத்தூர்ல போட்டாகல்ல, நம்ம வேன் அதுல வருதுன்னாக. மொதக் காட்சி பாக்கணும்னு போயிட்டேன். ராமுத்தாய்கிட்டக்கூட காச்சல்னுதான் சொன்னேன். ஆர்டர் முடியலன்னு ஃபோர்மேன் கத்துவான்னுட்டு எம் எடத்துல அவ போயி உக்காந்துட்டா. அங்கன அவ வெந்துக்கிட்டு இருக்கா, இங்கன நான் ஒங்க படத்தப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

அண்ணே, நம்ம படத்தைப் பார்க்கப் போனவள் அவள். இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னாள். அது அப்படியே உன் படத்தில் ஓடுகிறது. முந்தானையில் குத்தியிருந்த மைக்கைக்கூட நீ கழற்றச் சொல்லவில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. நம்ம அடையாளத்தையே மாற்றி என்னையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறாய். அவளைப் பேசவைக்க உனக்கு நான் தூண்டில் புழு.

ராமுத்தாயின் மகள் ரோஜாவை வளர்ப்பது பஞ்சக்காதான். அந்தப் பிள்ளைக்கு இது தெரியாது. அந்தக் காட்சியை எடுத்துவிடு. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

முனி


சென்னை,
20.8.2005

ஏலே முனி,

முழுசாகப் படித்தேன். இப்போது நீ குறுக்கே பேசாதே.

ஆமாம், ஒரு 'கட்' சொன்னாலும் ஓடட்டும் என்று கேமராமேனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன் முகமே காட்டிக்கொடுத்திருக்கும், உனக்கு நடிக்க வராது. என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கு ஜோசியமா தெரியும்? ஏதாவது நாலு வார்த்தை உயிரோடு கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைத்ததோ அது. அதைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்கிறாய்.

வெடிவிபத்து என்றால் பேப்பரில் என்ன வருகிறது? இத்தனை பேர் பலி, உராய்வினால் விபத்து, அவ்வளவுதான். ஒரு நாள் சினிமாவுக்குப் போகக்கூடப் பொய்க் காய்ச்சல் சொல்ல வேண்டிய பிழைப்பு என்று யார் எழுதினார்கள்? நம்ம அம்மா இன்னும் அதே வேனில்தான் ஆலைக்குப் போகிறாள். பஞ்சக்கா சொன்னது பஞ்சக்காவின் கதை மட்டும் இல்லை. அந்த மூன்று நிமிஷம்தான் என் படம், மற்றதெல்லாம் ஒப்புக்குத்தான். சிவகாசியில் எத்தனையோ படத்துக்குப் போஸ்டர் அடித்துச் சலித்த மனுஷன் நம்ம தயாரிப்பாளர் சீனிவாசகம். அவரே அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஏமாற்றினாய், ஏமாற்றினாய் என்கிறாயே. நம்ம ரெண்டாவது படம் படுத்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனது யார்? தியேட்டர்க்காரன், விநியோகஸ்தன், பாட்டுக்காரன் எல்லாரும் வாசலில் வந்து திட்டியபோது மாரிமுனி என்று சேர்த்துப் போட்ட பெயரில் மாரி மட்டும்தான் நின்றேன். முனியோ அம்மா கையால் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உனக்கு எப்போதும் நல்லவன் வேஷம். அழுகிறவளுக்குத் தண்ணீர் கொடுக்கிறது நீ, அழுகையைப் படம் பிடிக்கிற பாவி நான். இரண்டும் சேர்ந்துதானே நம்ம படம் ஓடியது?

இது ஓடவில்லை என்றால் எனக்கு இன்னொரு படம் கிடையாது. காட்சி இருக்கும். கோபம் ஆறியதும் வா.

மாரிக்கண்ணன்


ஏழாயிரம்பண்ணை,
2.9.2005

அண்ணே,

நான் ஊருக்கு வந்தது தப்புதான். அதற்கு என்னைத் திட்டு, அடி. பஞ்சக்காவை ஏன் அடிக்கிறாய்?

நேற்று வேனை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்கு வந்தாள். கை முழுக்க வெள்ளிப்பொடி, கழுவக்கூட இல்லை. "படம் எப்பத் தம்பி வரும்? ரோஜா சடங்குக்கு எடுத்த சேலையக் கட்டிக்கிட்டு வாரேன்" என்கிறாள். நல்லா வந்திருக்காடா என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல? ரோஜா சாத்தூரில் பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்குப் பெரியம்மா என்றால் உயிர். தன்னைப் பெற்றவள் அந்த இடத்தில் ஏன் உட்கார்ந்தாள் என்று அவள் கேட்டதே இல்லை, யாரும் சொன்னதும் இல்லை. அதை யாராவது சொல்ல வேண்டும் என்றால் பஞ்சக்காதான் சொல்ல வேண்டும். என்றைக்கு என்றும் அவள்தான் முடிவு செய்ய வேண்டும். ஊரே கூடியிருக்கிற கொட்டகையில் நீ சொல்லக் கூடாது.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அந்தக் காட்சியை நீ நீக்கவில்லை என்றால் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் நீ எப்படி வருகிறாய் என்று பார்க்கிறேன்.

முனி


சென்னை,
6.10.2005

முனி,

ஜெயித்துவிட்டாய். சீனிவாசகம் ஐயாவிடம் கத்தி, எடிட்டரிடம் கெஞ்சி, அந்த ஷாட்டைத் தூக்கிவிட்டேன். பஞ்சக்கா முகம் அந்த இடத்தில் வராது. உன் முகமும் வராது. போதுமா?

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று எழுதினாயே, சின்னப் பிள்ளையில் பீடி குடித்ததற்குச் சொன்ன அதே வார்த்தை. சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நீ என்னிடம் பேசாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஃபிரேம் வைக்கும்போதெல்லாம் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன். சரியில்லை என்று சொல்ல ஆள் இல்லை. அசிஸ்டென்ட் பையன்கள் எதைக் காட்டினாலும் சூப்பர் சார் என்கிறார்கள்.

பிரிவியூவுக்கு வா. டிக்கெட் போட்டு அனுப்புகிறேன்.

அண்ணன்


ஏழாயிரம்பண்ணை,
19.10.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன். அம்மா பார்த்துவிட்டு, "என்னலே, அண்ணங்காரன் என்ன எழுதியிருக்கான், மூஞ்சி தெளிஞ்சிருக்கு" என்றாள். அவளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது, நமக்குள் ஏதோ சரியில்லை என்று.

பிரிவியூவுக்கு வர முடியாது. தீபாவளி சீசன். அம்மாவுக்குக் கையில் புண், நான்தான் எல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்க்காமலேயே உன்னை நம்புகிறேன் அண்ணே. உனக்குப் படத்தைவிடப் பெரிது ஒன்று இருக்கிறது என்று நான் நினைத்ததே இல்லை, உண்மையைச் சொல்கிறேன். இருக்கிறது என்று காட்டிவிட்டாய். நான் எழுதியதில் சில வார்த்தைகள் அதிகம்தான். மனசில் வைத்துக்கொள்ளாதே.

சாத்தூரில் ரிலீஸ் ஆகிற அன்றைக்கே ஊரையே திரட்டிப் போகப்போகிறேன். பஞ்சக்காவுக்கும் ரோஜாவுக்கும் நடுவில் நான். அக்கா அந்த நாளுக்குப் பிறகு தியேட்டர் பக்கமே போனதில்லை. வர மாட்டேன் என்றுதான் சொன்னாள். "நான் இருக்கேன்ல, பயப்படாத" என்று சம்மதிக்க வைத்திருக்கிறேன். அந்தப் பயம் அவளுக்குத் தெளியட்டும்.

அடுத்து என் தனிப்படம் என்று பேசியிருந்தோமே, வேண்டாம். சேர்ந்தே எடுப்போம். கதை இருக்கிறது, நேரில் சொல்கிறேன். தீபாவளிக்கு வருவாய்தானே? அம்மா இப்போதே முறுக்கு மாவு திரிக்கப் போய்விட்டாள்.

உன் தம்பி
முனி


சென்னை,
14.12.2005

முனி,

தீபாவளிக்கு வர முடியாமல் போய்விட்டது. டப்பிங், ரீரெக்கார்டிங், சென்சார் என்று வேலை தின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை ரிலீஸ். பஞ்சக்காவையும் ரோஜாவையும் முதல் நாளே கூட்டிப்போக வேண்டாம். கூட்டமாக இருக்கும், பொம்பளைகளுக்குச் சரிப்படாது. நான் ஊருக்கு வந்ததும் எல்லாரும் சேர்ந்து பார்ப்போம். மறக்காதே.

மாரி


ஏழாயிரம்பண்ணை,
20.12.2005

மாரிக்கண்ணனுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. நாங்கள் படம் பார்த்தது வெள்ளிக்கிழமை. செல்போன் வைத்திருக்கிறவன் இதை ஏன் தபாலில் போட்டாய்? நான் ஏன் என்று கேட்பேன், உனக்கு வாய் குழறும். அதுதானே?

நடந்ததைக் கேள். சொல்லாமல் விடமாட்டேன்.

இரண்டு வேன் நிறைய ஆட்கள் போனோம். பஞ்சக்கா அந்தச் சேலையைத்தான் கட்டியிருந்தாள். இடைவேளை வரைக்கும் ஒன்றுமில்லை. தெரிந்த தெரு, தெரிந்த ஆள் திரையில் வரும்போதெல்லாம் எல்லாரும் பெயர் சொல்லிக் கத்தினார்கள். அக்காவும் சிரித்தாள். நான் உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் திரையில் வெயிலில் காயப்போட்ட சரவெடி, பொட்டல், யாருமில்லாத ஷெட். படத்துக்கு மேலே குரல் மட்டும் வந்தது. "அன்னைக்கு எனக்குக் காச்சலும் இல்ல." முகத்தை எடுத்துவிட்டாய். குரலை வைத்துக்கொண்டாய்.

பஞ்சக்கா தன் குரலை வெளியே கேட்டதே இல்லை. அவளுக்கு அது தன் குரல் என்று தெரியவில்லை. என் பக்கம் சாய்ந்து, "யாருலே இவ, பாவம், நம்மள மாதிரியே சொல்லுதா" என்று கேட்டாள். ரோஜாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. அந்தப் பிள்ளை மெதுவாகத் திரும்பி என்னைத் தாண்டிப் பெரியம்மாவைப் பார்த்தாள். அப்போது குரல் ராமுத்தாய் பெயரைச் சொன்னது. பஞ்சக்கா கையிலிருந்த முறுக்குப் பொட்டலம் கீழே விழுந்தது. முன் வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன், மாரிக்கண்ணா.

வெளியே வந்ததும் பஞ்சக்கா என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "நிப்பாட்டியாச்சுன்னியே தம்பி." சத்தமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ செய்ததற்கு அவள் என்னைத்தான் கேட்கிறாள். உனக்காகவா அவள் வந்து உட்கார்ந்தாள்? அவள் நம்பியது என்னை.

ரோஜா அன்றைக்கிலிருந்து நம்ம வீட்டில் அம்மாவோடு இருக்கிறாள். பெரியம்மாவிடம் பேசவில்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கூடத்தில் மாட்டியிருந்த 'ஆறே கால் வேன்' போட்டோவைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டாள். அதில் நானும் இருக்கிறேன்.

முனியராஜ்


சென்னை,
8.1.2006

முனி,

மாரிக்கண்ணா என்று எழுதியிருக்கிறாய். எழுது.

நான் சொன்ன வார்த்தையை மீறவில்லை. முகம் வராது என்றேன், வரவில்லை. கொட்டகையில் ஆயிரம் சத்தத்துக்கு நடுவில் ஒரு குரலை யார் அடையாளம் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். வாழ்நாளெல்லாம் முகத்தைத்தான் பார்த்தேன், குரலுக்கும் ஆள் இருக்கிறது என்று தோன்றவில்லை. ரிலீஸ் நெருங்க நெருங்கத்தான் பயம் வந்தது. போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். என்னை நீ கோழை என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். துரோகி என்று சொல்லாதே. அந்தக் காட்சி ஓடும்போது மதுரையில் ஒருத்தரும் இருமக்கூட இல்லையாம். வெளிநாட்டு விழாவுக்குக் கேட்டிருக்கிறார்கள். முனி, நம்ம ஊரைப் பற்றி முதல்முறையாக உலகம் பேசுகிறது. இது உனக்கு ஒன்றுமே இல்லையா?

பெரிய கம்பெனி ஒன்று கூப்பிட்டிருக்கிறது. மாரிமுனி என்று இரண்டு பெயரும் சேர்ந்து வர வேண்டும் என்று நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். நீ இல்லாமல் எடுக்க முடியும் என்று இந்தப் படத்தில் காட்டிவிட்டேன், ஆனால் நல்லா இல்லை. சந்தோஷமாக ஒரு நாள்கூட எடுக்கவில்லை. ரோஜாவை மேலே படிக்கவைப்பது என் பொறுப்பு. பஞ்சக்கா காலில் வந்து விழச் சொன்னாலும் விழுகிறேன். நீ வா. நம்மைப்போல ஒரு படம் எடுப்போம்.

அண்ணன்


ஏழாயிரம்பண்ணை,
27.1.2006

மாரிக்கண்ணனுக்கு,

பஞ்சக்கா வேனில் போகிறாள், வருகிறாள். இன்னும் இரண்டு பேருக்குத்தான் சோறு வடிக்கிறாள். ஒரு தட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்து, பிறகு தண்ணீர் ஊற்றி வைத்துவிடுகிறாள். வேனில் அவள் பக்கத்து இடம் காலியாக வருகிறது என்று அம்மா சொல்கிறாள். இப்போது அம்மாதான் அதில் போய் உட்காருகிறாள். நீ வந்து காலில் விழ வேண்டாம். அதையும் நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

உலகம் பேசட்டும். அவளும் பேசினாள், என்னிடம் மட்டும். அதை உலகத்துக்கு எடுத்துக் கொடுக்க நீ யார் என்று நான் எழுதிக்கொண்டே போகலாம். நீயும் பதில் எழுதிக்கொண்டே இருப்பாய், உன் பதில்கள் நன்றாகத்தான் இருக்கும். அதனால் வாக்குவாதம் வேண்டாம். மாரிமுனியில் இனிமேல் நான் இல்லை. தனியாகவும் படம் எடுக்கப்போவதில்லை. யாரிடமும் போய் உட்கார்ந்து பேசு என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது.

நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ரோஜா என்னிடம் வந்தாள். "அன்னைக்குப் பெரியம்மா பாக்கப் போன படம் இருக்கா மாமா?" என்று கேட்டாள். சிடி வீட்டில்தான் இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம், என்னால் பொய் சொல்ல முடியவில்லை. போட்டுக் கொடுத்தேன். கூடவே உட்காரச் சொன்னாள்.

பெயர் போடுவதிலிருந்து பார்த்தாள், அண்ணே. நாம் இரண்டு பேரும் மாறி மாறி எழுதிச் சிரித்த காட்சிகள் எல்லாம் வந்தன. வேன் நடுரோட்டில் நின்றுபோக, டிரைவர் பொம்பளைகளிடம் தள்ளச் சொல்லிக் கெஞ்சுவானே, அந்த இடத்தில் ரோஜா சிரித்துவிட்டாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி ஒரு இடத்தில் சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாட்டைக்கூடத் தள்ளி ஓட்டச் சொல்லவில்லை. எங்கேயோ ஏதோ இருக்கும், வந்துவிடும் என்று தேடுகிற மாதிரி கடைசி வரைக்கும் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

படம் முடிந்தது. டிவியில் ஒன்றும் இல்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இதுக்கா மாமா?"

எடுத்தவர்களில் நீயும் ஒருத்தன். உன்னிடம் பதில் இருந்தால் எழுது. எனக்கு வேண்டாம், அவளுக்கு எழுது.

முனியராஜ்